வீட்டுக்குள் தேகப்பயிற்சி: உடலியக்க வீடியோ விளையாட்டுகளும் குடும்பமும்

வீடியோ விளையாட்டு என்றவுடன், திரையின் முன் அசையாது அமர்ந்து, விரல் நுனிகளை மட்டும் ஓயாமல் இயக்கிக் கொண்டிருக்கும் சிறுவனின் தோற்றமே பெற்றோர் மனத்திலும் ஆசிரியர் மனத்திலும் எழுகின்றது. இத்தோற்றம் தவறானதன்று, பெரும்பாலான வீடியோ விளையாட்டுகள் இத்தகையனவே. எனினும், ஆடுபவர் எழுந்து நின்று கை கால்களை வீசியும், குனிந்து நிமிர்ந்தும், குதித்தும் ஆடினாலன்றி முன்னேற முடியாத மற்றொரு வகை விளையாட்டுகளும் உள்ளன. இவற்றை உடலியக்க வீடியோ விளையாட்டுகள் எனலாம். இவை எவ்வாறு இயங்குகின்றன, இவற்றால் உடலுக்கு உண்மையில் விளையும் பயன் எவ்வளவு, வீட்டார் அனைவரும் சேர்ந்து ஆடுவதால் உண்டாகும் வேறுபாடு என்ன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரச்சினையின் அளவு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்ற நீரிழிவு ஆய்வின் முதற்கட்டத்தில், தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு பகுதிகளைச் சேர்ந்த 14,227 பேரின் உடலுழைப்புக் கணக்கிடப்பட்டது. 2014-ஆம் ஆண்டு வெளியான அதன் முடிவுகளின்படி, அவர்களுள் 54.4 சதவிகிதத்தினர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். நகரங்களில் இது 65 சதவிகிதமாகவும், கிராமங்களில் 50 சதவிகிதமாகவும் இருந்தது. ஓய்வு நேரத்தில் விளையாட்டாகவோ பயிற்சியாகவோ உடலை இயக்குவோர் பத்தில் ஒருவர்கூட இல்லை. 2024-இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு ஒன்றும் இதையே உறுதிப்படுத்துகின்றது. அதன்படி 2022-இல் இந்தியாவில் வயது வந்தோருள் ஏறக்குறையப் பாதிப்பேர் தேவையான அளவு உடலை இயக்கவில்லை. ஆண்களில் இது 42 சதவிகிதமாகவும், பெண்களில் 57 சதவிகிதமாகவும் உள்ளது.

பெண்களின் விகிதம் இவ்வாறு மிகுந்திருப்பதன் காரணங்கள் களப்பணியாளர் நன்கறிந்தவையே. அம்மி, உரல், கிணறு ஆகியவை கோரிய உழைப்பை இயந்திரங்கள் ஏற்றுக்கொண்டன. ஆனால் வீட்டு வேலையின் நேரம் குறையவில்லை. மாலையில் தனியே நடந்து வரத் தக்க தெருக்கள் எல்லா ஊர்களிலும் இல்லை. உடற்பயிற்சி நிலையத்துக்குச் செல்லப் பணமும் வேண்டும், வீட்டாரின் இசைவும் வேண்டும். சிறுவர்களுக்கும் நகரங்களில் விளையாட்டுத் திடல் அரிதாகி வருகின்றது. கடும் வெயிலும் மழையும் ஆண்டின் பல மாதங்களில் வெளியே செல்வதைத் தடுக்கின்றன. ஆகவே, நான்கு சுவர்களுக்குள் குடும்பத்தினர் சேர்ந்து செய்யக்கூடிய பயிற்சி எதுவாயினும் அது கவனித்தற்குரியதாகும்.

தோன்றி வளர்ந்த வரலாறு

உடலால் ஆடும் வீடியோ விளையாட்டு புதியதன்று. 1986-இல் ஜப்பானில் பண்டாய் நிறுவனம் தரையில் விரித்து மிதித்து ஆடும் பாய் ஒன்றை வெளியிட்டது. 1998-இல் கொனாமி நிறுவனத்தின் ‘டான்ஸ் டான்ஸ் ரெவலூஷன்’ விளையாட்டு நிலையங்களில் அறிமுகமாயிற்று. திரையில் எழும் அம்புக்குறிகளுக்கேற்ப, இசையின் தாளம் தவறாமல் நான்கு கட்டங்களை மிதிப்பதே அதன் முறை. மறு ஆண்டே அது வீடுகளுக்கு ஏற்ற வடிவிலும் வந்தது. 2003-இல் சோனி நிறுவனத்தின் ‘ஐடாய்’ என்னும் காமிரா, ஆடுபவரின் உருவத்தையே திரைக்குள் கொண்டு வந்தது.

2006 இறுதியில் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘வீ’ என்ற சாதனமே இவ்வகை விளையாட்டைப் பொதுமக்களிடம் பரப்பியது. அதன் கைப்பிடியை டென்னிஸ் மட்டையாகவும் பந்தாகவும் பாவித்து வீசினால் போதும். 2007-இல் அதனுடன் சேர்ந்த ‘வீ ஃபிட்’, நிற்கும் பலகையுடன் வந்து, உலகெங்கும் இரண்டு கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயிற்று. 2010-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ‘கைனெக்ட்’ கருவி முதல் 60 நாட்களில் 80 லட்சம் விற்றது. அதன் உற்பத்தி 2017-இல் நிறுத்தப்பட்டபோதிலும், அது கையாண்ட வழியில் பல புதிய சாதனங்கள் பின்தொடர்ந்துள்ளன. 2019 அக்டோபரில் நின்டெண்டோவின் ‘ரிங் ஃபிட் அட்வென்ச்சர்’ வெளிவந்தது. மறு ஆண்டு கொள்ளைநோயின் காரணமாக உலகம் முழுவதும் மக்கள் வீடுகளில் அடைபட்டபோது, அது பல நாடுகளில் கிடைத்தற்கரிய பொருளாயிற்று.

கருவி அசைவை அறியும் முறைகள்

ஆடுபவரின் அசைவை இச்சாதனங்கள் மூன்று வழிகளில் அறிகின்றன. இவ்வழிகளை ஓரளவு விளங்கிக் கொண்டால், ஒவ்வொன்றும் எதனை அறியும், எதனை அறியாது என்பது புலப்படும்.

முதலாவது, காலால் அழுத்தும் முறை. பாயில் உள்ள கட்டங்கள் மிதிக்கும்பொழுது மின்சுற்று இணைகின்றது. ‘வீ ஃபிட்’ பலகையோ சற்று நுட்பமானது. அதன் நான்கு மூலைகளிலும் எடையை உணரும் உறுப்புகள் உண்டு. பாரம் ஏறும்பொழுது அவற்றிலுள்ள மெல்லிய உலோக இழை மிகச் சிறிதளவு வளைகின்றது. அதனால் அதன் மின்தடை மாறுகின்றது. நான்கு மூலைகளிலும் விழும் பாரத்தை ஒப்பிட்டு, உடலின் எடை எந்தப் புள்ளியில் ஊன்றியுள்ளது என்பதைக் கருவி கணிக்கின்றது. நிற்கும்பொழுது உடல் எவ்வளவு தள்ளாடுகின்றது என்பதை இப்பலகை நம்பத்தக்க அளவில் காட்டுவதாக 2010-இல் ஆஸ்திரேலியாவில், விலையுயர்ந்த ஆய்வகக் கருவியுடன் ஒப்பிட்டு நடத்திய சோதனையில் தெரிய வந்தது.

இரண்டாவது, கையிற் பிடித்து அசைக்கும் முறை. ‘வீ’ கைப்பிடிக்குள் முடுக்கமானி என்னும் மிகச் சிறிய உறுப்பு உள்ளது. சிலிக்கனால் ஆன நுண்ணிய எடை ஒன்று, நுண்ணிய சுருள்விற்களில் தொங்குவதுபோல அதனுள் அமைந்திருக்கின்றது. ஓடும் பேருந்து திடீரென நிற்கும்பொழுது நிற்பவர் முன்னால் சாய்வதைப் போல, கை வேகம் மாறும்பொழுதெல்லாம் இவ்வெடையும் சற்று இடம் பெயர்கின்றது. இந்த இடப்பெயர்ச்சி மின்சார மாறுதலாக அளக்கப்படுகின்றது.

மூன்றாவது, காமிராவால் காணும் முறை. 2010-இன் ‘கைனெக்ட்’, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களால் ஆயிரக்கணக்கான புள்ளிகளை அறை முழுவதும் தூவும். அருகிலுள்ள பொருள்மேல் விழும் புள்ளியும் தொலைவிலுள்ள பொருள்மேல் விழும் புள்ளியும் காமிராவுக்கு வெவ்வேறு இடங்களில் தோன்றும். நில அளவையாளர் முக்கோணத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடுவது போலவே, இவ்வேறுபாட்டிலிருந்து ஒவ்வொரு புள்ளியின் தொலைவும் கணக்கிடப்படுகின்றது. பிறகு தலை, தோள், முழங்கை, முழங்கால் முதலிய 20 இடங்களைக் கணிப்பொறி இனங்கண்டு, அவற்றின் நகர்வைத் தொடர்கின்றது. இன்றோ, சாதாரணக் கைபேசியின் காமிராவே தனிக் கதிர்களின் உதவியின்றி உடலில் 30-க்கு மேற்பட்ட இடங்களை இனங்காணும் அளவுக்குக் கணிப்பு முறைகள் வளர்ந்துள்ளன.

இங்கு ஓர் உண்மையைக் கருத்தில் இருத்த வேண்டும். இக்கருவிகள் பெரும்பாலும் அசைவை அறிகின்றனவேயன்றி உழைப்பை அறிவதில்லை. தோளிலிருந்து முழுக் கையையும் வீசி, உடலைத் திருப்பி, காலை மாற்றி ஊன்றி டென்னிஸ் ஆடுபவரும், நாற்காலியில் சாய்ந்தபடி மணிக்கட்டை மட்டும் வெட்டி அசைப்பவரும் முடுக்கமானிக்கு ஏறத்தாழ ஒருவரே. சிறுவர்கள் இதனைச் சில நாட்களில் கண்டுபிடித்து விடுகின்றனர். பிறகு புள்ளிகள் ஏறும், வியர்வை வாராது. ‘ரிங் ஃபிட்’ இதற்கு ஓரளவு விலக்காகும். அதன் வளையத்தை அழுத்தவும் இழுக்கவும் தசை வலிமை தேவை. அந்த விசையையே அதனுள் இருக்கும் உணர்கருவி அளக்கின்றது. தொடையில் கட்டப்படும் மற்றோர் உறுப்பு, கால்களின் இயக்கத்தை அறிகின்றது.

உழைப்பை அளந்த சோதனைகள்

உழைப்பின் அளவை விஞ்ஞானிகள் ‘மெட்’ என்னும் அலகால் குறிப்பிடுகின்றனர். அசையாது அமர்ந்திருக்கும் ஒருவர் செலவிடும் சக்தி 1 மெட் ஆகும். அது ஒரு கிலோகிராம் உடல் எடைக்கு நிமிஷம் ஒன்றுக்கு 3.5 மில்லிலிட்டர் பிராணவாயுவைச் செலவிடுவதற்குச் சமம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிலோகிராமுக்குச் சுமார் ஒரு கிலோ கலோரி என்றும் கொள்ளலாம். 3 மெட்டுக்குக் குறைவானது இலேசான இயக்கம். 3 முதல் 6 வரை நடுத்தர இயக்கம். 6-க்கு மேற்பட்டது கடின இயக்கம். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 3 மெட் அளவில் அரை மணி நேரம் இயங்கினால் 90 கிலோ கலோரி செலவாகும்.

டோக்கியோவிலுள்ள தேசிய ஆரோக்கிய, உணவூட்ட நிலையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முக்கியமானது. காற்றின் வரவையும் போக்கையும் நுட்பமாக அளக்கும் ஓர் அறைக்குள் வயது வந்தோர் 12 பேரை இருத்தி, ‘வீ’ விளையாட்டுகளிலும் ‘வீ ஃபிட்’ பயிற்சிகளிலும் 68 வகைகளை ஆடச் செய்தனர். கிடைத்த சராசரி அளவுகள் வருமாறு:

கோல்ஃப் — 2.0 மெட்
பந்துருட்டல் — 2.6 மெட்
டென்னிஸ் — 3.0 மெட்
பேஸ்பால் — 3.0 மெட்
குத்துச்சண்டை — 4.2 மெட்

மொத்தம் 68 வகைகளில் மூன்றில் இரண்டு பங்கு இலேசான இயக்கங்கள். மூன்றில் ஒரு பங்கே நடுத்தரமானவை. கடின இயக்கம் எதுவும் இல்லை. மேற்கண்ட ஐந்தனுள் குத்துச்சண்டை முதலிடம் பெற்றதன் காரணம் எளிது. அதில் இரு கைகளும் இடைவிடாது இயங்குகின்றன, இடுப்புத் திரும்புகின்றது, எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுகின்றது. இயங்கும் தசைகளின் பரப்பு மிகுந்தால் பிராணவாயுவின் தேவையும் மிகும். உடலின் பெருந்தசைகள் தொடையிலும் இடுப்பிலும் உள்ளமையால், காலை வேலை வாங்காத விளையாட்டு எதுவும் பெரும் உழைப்பாகாது.

பிரிட்டனில் லிவர்ப்பூல் நகரத்து ஆராய்ச்சியாளர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, 13 முதல் 15 வயது வரையுள்ள 11 பேரை வைத்து நடத்தப்பட்டது. உட்கார்ந்து ஆடும் விளையாட்டைவிட இவற்றில் குறைந்தது 51 சதவிகிதம் அதிகமான சக்தி செலவாயிற்று. ஆனால் அதே விளையாட்டை உண்மைத் திடலில் ஆடுவதற்கு ஈடாகவில்லை. ஆக, வீட்டு டென்னிஸ் உட்கார்ந்திருப்பதினும் மேலானது. மைதானத்து டென்னிஸுக்கு மாற்றாகாது.

சாதனம் வீட்டுக்கு வந்த பின்

சோதனைச் சாலையில் ஆடுவது ஒன்று; மாதக் கணக்கில் வீட்டில் ஆடுவது வேறு. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து விஞ்ஞானிகள் 9 முதல் 12 வயதுவரையுள்ள குழந்தைகளுக்கு ‘வீ’ சாதனத்தை அளித்தனர். பாதிப்பேருக்கு உடலியக்க விளையாட்டுகளையும், பாதிப்பேருக்கு உட்கார்ந்து ஆடும் விளையாட்டுகளையும் கொடுத்து, 13 வாரம் கவனித்தனர். குழந்தைகளின் இடுப்பில் கட்டிய கருவி அவர்களின் அன்றாட இயக்கத்தை அளந்தது. 2012-இல் வெளியான முடிவின்படி, இரு சாராரிடையே உடலியக்கத்தில் வேறுபாடு ஏதும் தென்படவில்லை. இப்படி ஆடு, இத்தனை நேரம் ஆடு என்று யாரும் குழந்தைகளுக்குச் சொல்லவில்லை என்பது இங்கே கருதத் தக்கது. விளையாட்டை வாங்கி வைப்பது மட்டும் பயிற்சியாகாது என்பது இதனின்று விளங்கும்.

நியூசிலாந்தில் உடற்பருமன் மிகுந்த 322 சிறுவர் சிறுமியரிடம் 24 வாரம் நடந்த சோதனையின் முடிவு 2011-இல் வெளிவந்தது. அங்கே உடலியக்க விளையாட்டைப் பெற்றவர்களின் உடற்பருமன் குறியெண், பெறாதவர்களுடையதைவிட 0.24 அளவு தாழ்ந்திருந்தது. பயன் உண்டு, ஆனால் அது சிறியதே.

இவ்விரண்டினும் மாறுபட்டதொரு முடிவை நெதர்லாந்து நாட்டுச் சிற்றாய்வு ஒன்று 2008-இல் காட்டியது. நடன விளையாட்டைப் பெற்ற 9 முதல் 12 வயதுக் குழந்தைகளுள் ஒரு பிரிவினர் வீட்டில் மட்டும் ஆடினர். மற்றொரு பிரிவினர் வீட்டில் ஆடுவதோடு, வாரம் ஒரு முறை பிற குழந்தைகளுடன் கூடியும் ஆடினர். 12 வாரங்களில் முதற் பிரிவில் 64 சதவிகிதத்தினர் இடையில் விலகினர். இரண்டாம் பிரிவில் விலகியோர் 15 சதவிகிதமே. விளையாட்டு ஒன்றே, துணையே வேறுபாடு.

லூயிசியானா மாநிலத்துப் பென்னிங்டன் ஆராய்ச்சி நிலையம் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதனை மேலும் தெளிவாக்குகின்றது. எடை மிகுந்த, 8 முதல் 12 வயதுக்குட்பட்ட 46 குழந்தைகள் இதிற் கலந்துகொண்டனர். பாதிப்பேரின் வீட்டில் ‘கைனெக்ட்’ வைக்கப்பட்டது. வாரம் மூன்று நாள், குடும்பத்தினர் ஒருவருடனோ நண்பருடனோ சேர்ந்து ஆடும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டது. நாளுக்கு நாள் கடினமாகும் பாடத்திட்டமும் கொடுக்கப்பட்டது. பயிற்சியாளர் ஒருவர் தொலைக்காட்சி உரையாடல் போன்ற இணைய வசதியின் வழியே குழந்தையையும் பெற்றோரையும் அவ்வப்போது சந்தித்து ஊக்கினார். ஆறு மாதங்களில் அக்குழந்தைகளின் வயதுக்கேற்பக் கணக்கிட்ட உடற்பருமன் அளவு 3 சதவிகிதம் குறைந்தது. மற்றவர்களுக்கு 1 சதவிகிதம் கூடியது. ஆட்டத் திட்டத்தைப் பெற்ற 23 பேரில் 22 பேர் இறுதிவரை நிலைத்தனர்.

ஹூஸ்டனில் இல்லாததும் லூயிசியானாவில் இருந்ததும் யாவை? உடன் ஆடும் துணை, குறித்த நேரம், படிப்படியான திட்டம், விசாரித்து ஊக்க ஒருவர் ஆகிய நான்குமே. இவற்றுள் எதுவும் கடையில் விற்கப்படுவதன்று. முதல் மூன்றையும் குடும்பமே அமைத்துக் கொள்ளலாம். நான்காவதை ஆசிரியரும் களப்பணியாளரும் அளிக்கலாம்.

குடும்பமாக ஆடும் முறை

உண்மை விளையாட்டில் பாட்டியும் பேரனும் எதிரெதிரே நின்று போட்டியிட முடியாது. உடலியக்க வீடியோ விளையாட்டில் அது கூடும். வெற்றி பெரும்பாலும் வலிமையைவிடக் காலந்தவறாமையைப் பொறுத்தது. கடினத்தின் அளவை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அமைத்துக் கொள்ளவும் பல விளையாட்டுகளில் இடமுண்டு. ‘அம்மாவுக்குத் தெரியாது’ என்று ஒதுக்கப்படும் இல்லத்தரசி மகளிடமே கற்றுக்கொண்டு, சில வாரங்களில் அவளை வெல்லவும் கூடும். தனக்கென்று பயிற்சி நேரம் கேட்கத் தயங்கும் பெண்கள், குழந்தைக்காக என்ற பெயரில் தாமும் பயன் பெறுவர். இது சிறிய நன்மையன்று.

ஆனால் இதில் ஒரு கணக்கைக் கவனித்தல் வேண்டும். ஒரு சாதனத்தில் ஒருவர் பின் ஒருவராக நால்வர் ஆடினால், அரை மணி நேரத்தில் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது ஏழரை நிமிஷமே. எஞ்சிய இருபத்திரண்டரை நிமிஷமும் வேடிக்கை பார்ப்பதாகும். ஆகவே காத்திருப்போர் சும்மா இருத்தல் ஆகாது. நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்தி நடைபோடுதல், நாற்காலியில் மெதுவாக அமர்ந்து கையூன்றாமல் எழுதல், சுவரில் கை வைத்துத் தள்ளுதல் ஆகியவற்றைச் செய்து கொண்டிருக்கலாம். அல்லது திரையில் ஆடுபவரின் அசைவுகளை அனைவரும் பின்னின்று அப்படியே செய்யலாம். கருவி ஒருவரை மட்டும் கணக்கிட்டாலும், பயிற்சி நால்வருக்கும் உண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, வயது வந்தோருக்கு வாரம் 150 முதல் 300 நிமிஷம் வரை நடுத்தர இயக்கமும், வாரத்தில் இரண்டு நாளேனும் தசை வலிமைப் பயிற்சியும் வேண்டும். 5 முதல் 17 வயதுவரையுள்ளோருக்குச் சராசரியாக நாள்தோறும் 60 நிமிஷம் வேண்டும். 65 வயது கடந்தோர், வாரம் மூன்று நாளேனும் உடலைச் சமநிலையில் நிறுத்தும் பயிற்சியையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். வாரம் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிஷம் என்று குடும்பம் ஏற்படுத்திக் கொண்டால் பெரியவர்களின் குறைந்தபட்ச அளவு நிறைவுறும். இந்த 30 நிமிஷத்துக்கு முன் ஐந்து நிமிஷம் உடலைத் தளர்த்தும் மெல்லிய அசைவுகளுக்கும், பின் ஐந்து நிமிஷம் மூச்சைப் படிப்படியாக அமைதிப்படுத்துவதற்கும் தனியே ஒதுக்கலாம். சிறுவர்களுக்கோ இது பாதியளவே. மறுபாதி பள்ளித் திடலிலும் தெருவிலும் கிடைத்தாக வேண்டும்.

மூச்சும் நாடியும்

திரையில் தோன்றும் புள்ளிகளையும் கலோரிக் கணக்கையும் நம்பி உழைப்பை மதிப்பிடலாகாது. அதற்கு இரண்டு எளிய வழிகள் உள்ளன.

முதலாவது பேச்சுச் சோதனை. ஆடும்பொழுது தடையின்றிப் பாட முடியுமானால் இயக்கம் இலேசானது. பேச முடியும், ஆனால் பாட முடியாது என்றால் அது நடுத்தரமானது. சில சொற்களுக்கு மேல் மூச்சு வாங்காமல் பேச முடியாவிட்டால் அது கடினமானது. குழந்தைகள் இச்சோதனையை விளையாட்டாகவே விரும்பிச் செய்வர்.

இரண்டாவது நாடிக் கணக்கு. 220-இலிருந்து வயதைக் கழித்தால் வரும் எண், ஒருவரின் உச்ச நாடித் துடிப்பைத் தோராயமாகக் குறிக்கும். அதில் 64 முதல் 76 சதவிகிதம் வரை நடுத்தர இயக்கத்தின் எல்லையாகும். 40 வயதினருக்கு உச்சம் 180. ஆகவே நிமிஷத்துக்கு 115 முதல் 137 வரை துடித்தல் வேண்டும். ஆட்டத்தை நிறுத்தியவுடன் மணிக்கட்டில் 15 வினாடி எண்ணினால் 29 முதல் 34 வரை வரும். இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய சில மருந்துகள் நாடியைத் தாழ்த்துவதால், அவற்றை உட்கொள்வோருக்கு இக்கணக்குப் பொருந்தாது. அவர்கள் பேச்சுச் சோதனையையே கொள்ளலாம். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் இதனைக் கணக்குப் பாடத்துக்கும் உயிரியற் பாடத்துக்கும் நல்ல செய்முறையாகப் பயன்படுத்தலாம்.

எச்சரிக்கைகள்

‘வீ’ வெளிவந்த சில வாரங்களுக்குள்ளேயே, கைப்பிடி வீசிய வேகத்தில் கையை விட்டுப் பறந்து திரைகளை உடைத்த நிகழ்ச்சிகள் நேர்ந்தன. 2006 டிசம்பரில் 32 லட்சம் மணிக்கட்டுப் பட்டைகளை மாற்றித் தர நின்டெண்டோ முன்வந்தது. பட்டையை அணியாமல் எவரும் ஆடலாகாது. 2007-இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் ஒருவர், மணிக்கணக்கில் ‘வீ’ டென்னிஸ் ஆடியதால் தமது வலத் தோளின் தசைநாரில் ஏற்பட்ட வலியை மருத்துவ இதழில் எழுதினார். இலேசான அசைவாயினும் ஒரே அசைவை அளவின்றித் திரும்பச் செய்தால் காயம் நேரும் என்பதற்கு இது சான்று.

இடமும் முக்கியம். ‘கைனெக்ட்’ போன்ற கருவிக்கு ஒருவர் ஆடச் சுமார் 6 அடியும், இருவர் ஆடச் சுமார் 8 அடியும் தொலைவு வேண்டும். சிறிய அறையில் இது கிடைப்பது அரிது. நாற்காலிகளையும் கட்டிலையும் ஒதுக்கிய பிறகே தொடங்க வேண்டும். மின்விசிறி தாழ்வாகத் தொங்கும் அறையில் கையை உயர்த்திக் குதிக்கும் ஆட்டங்கள் ஆபத்தானவை. ஈரத் தரையும், நழுவும் விரிப்பும் கூடா. புடவைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இறுக்கிச் செருகிக் கொள்ளுதல் நலம். முதியோர் சமநிலைப் பயிற்சி செய்யும்பொழுது எட்டிப் பிடிக்கும் தொலைவில் கனமான நாற்காலியும், அருகில் ஒருவரும் இருக்க வேண்டும்.

இதய நோயுள்ளோரும், கருவுற்றோரும், மூட்டு வலியால் வருந்துவோரும், வெளிச்சத்தின் மினுக்கலால் வலிப்பு வரும் இயல்புடையோரும் மருத்துவரைக் கலந்த பின்னரே ஆட வேண்டும். இன்சுலின் ஏற்றுக்கொள்வோருக்கு உழைப்பின்பொழுது இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடுமாதலால், இனிப்புப் பண்டம் அருகில் இருத்தல் அவசியம். 5 வயதுக்குட்பட்டோரைத் திரையின் முன் நெடுநேரம் நிறுத்தலாகாது. 2 முதல் 4 வயது வரை திரைநேரம் ஒரு மணிக்கு மேற்படக் கூடாதென்றும், ஒரு வயதினருக்கு அறவே வேண்டாமென்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறுகின்றன.

காமிராவால் இயங்கும் விளையாட்டுகளில் மற்றொரு கவனமும் தேவை. வீட்டின் உட்புறமும் பெண்கள், குழந்தைகளின் உருவங்களும் அதில் பதிகின்றன. அப்படங்கள் கருவிக்குள்ளேயே இருக்குமா, வெளியே அனுப்பப்படுமா என்பதை நிறுவும்பொழுதே பார்த்தல் வேண்டும். ஆடாத நேரங்களில் காமிராவைத் துணியால் மூடி வைப்பது எளிய பாதுகாப்பு.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யக் கூடியது

இச்சாதனங்களின் விலை நம் நாட்டுக் குடும்பங்கள் பலவற்றுக்கு எட்டாதது. இவற்றை வாங்கும்படி எவரையும் தூண்டுதல் களப்பணியாளரின் வேலையன்று. ஏற்கெனவே வாங்கி, சில வாரங்களில் சலித்து, அலமாரியில் போட்டு வைத்துள்ள குடும்பங்களுக்கு அதனை மீண்டும் எடுத்து ஆடும் வழியைக் காட்டுவதே பயனுள்ளது. சாதனம் இல்லாத வீட்டில் கைபேசியில் ஒலிக்கும் தாளமுள்ள பாட்டு ஒன்றே போதும். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் நான்கு கட்டங்கள் வரைந்து, ஒருவர் திசையைக் கூற மற்றவர்கள் தாளத்துக்கு மிதித்தால் நடனப் பாயின் வேலை நடந்துவிடும். பாண்டியாட்டமும் நொண்டியாட்டமும் ஆடிப் பழகிய கால்களுக்கு இது புதிதன்று.

பள்ளிகளிலும் இதற்கு இடமுண்டு. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலம் தனது 765 அரசுப் பள்ளிகளிலும் நடன விளையாட்டைக் கொண்டு வரும் திட்டத்தை 2006-இல் அறிவித்தது. நம் பள்ளிகளில் பெருந்திரை உள்ள வகுப்பறைகளில், மழையோ கடும் வெயிலோ திடலைத் தடுக்கும் நாட்களில், அத்திரையைக் கொண்டு மாணவர்களை எழுந்து ஆடச் செய்யலாம். ஆனால் திடல் கிடைக்கும் நாளில் விளையாட்டு வேளையை இதற்கு விட்டுக் கொடுத்தல் தகாது.

ஒரு குடும்பத்தை மூன்று மாதம் தொடர்ந்து கவனிக்க விரும்பும் களப்பணியாளர், ஒரு சிறு குறிப்பேட்டில் நான்கு பத்திகள் வகுத்துக் கொள்ளலாம். வாரத்தில் எத்தனை நாள் ஆடினர். எத்தனை நிமிஷம் ஆடினர். வீட்டார் யார் யார் சேர்ந்தனர். பேச்சுச் சோதனையில் எந்நிலை எய்தினர் என்பவையே அவை. விளையாட்டின் புள்ளிகளைக் குறிக்க வேண்டுவதில்லை. முதல் மாதத்தில் ஆர்வம் மிகுந்திருப்பது இயல்பு. இரண்டாம் மாதத்தில் நாட்கள் குறையத் தொடங்கும்பொழுதே நேரிற் சென்று விசாரித்தல் வேண்டும். புதிய ஆட்டம் தேவையா, நேரம் பொருந்தவில்லையா, துணைக்கு ஆள் விலகிவிட்டாரா என்று கேட்டறிந்தால் பெரும்பாலும் காரணம் புலப்படும். அடுத்த வாரம் மீண்டும் வந்து கேட்பதாகச் சொல்லிச் செல்வதும், சொன்னபடி வருவதும் அக்குடும்பத்துக்குக் கருவியைவிடப் பெரிய உதவியாக அமையும்.